ஓட ஓட இறுகும் பிரேக், ஆறினால் விடுவது ஏன்?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. கொடைக்கானல் மேல்மலையில் கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிப் பழனி வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு, பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறது என்று மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாற்றினோம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு தொல்லை. காலையில் எடுக்கும்போது வண்டி லேசாக ஓடுகிறது. பதினைந்து, இருபது கிலோமீட்டர் போனதும் இழுக்க ஆரம்பிக்கிறது. பெடல் மேலேயே கல் மாதிரி நிற்கிறது. நியூட்ரலில் விட்டால் உருளுவதில்லை, வீலில் தீய்ந்த வாடை. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியும் டிஸ்க்கில் பேடை அமுக்கும் முன் காலிப்பர் இரண்டையும் பேடோடு மாற்றியாயிற்று. இப்போது மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரை மாற்றச் சொல்கிறார்கள். நான்கு வீலும் சுடுகின்றன, இடது முன் வீல் மட்டும் மற்றவற்றைவிட அதிகம். தெரிந்த டிரைவர் அண்ணன் ஒருவர், இறுகும்போது வீல் பக்கம் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஆயிலை விட்டுவிட்டு ஓட்டு என்கிறார். அப்படி ஓட்டலாமா? பூஸ்டர்தான் காரணமா? பிரேக் ஆயில் டாட் 3 ஊற்றுவதா, டாட் 4 ஊற்றுவதா?

(ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: பூஸ்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். அது கெட்டிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் அடையாளங்கள் வேறு இடத்தைக் காட்டுகின்றன. பூஸ்டர்தானா இல்லையா என்பதைக் காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம், வழியைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்த வேலை முடியும்வரை லோடோடு மலை இறங்காதீர்கள். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால் வண்டி நிற்கத்தானே செய்யும், ஆபத்து என்ன என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க்கில் உரசிக்கொண்டே வரும் பேடின் சூடு காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அந்த நிலையில் மிதித்தால் பெடல் தரையில் போய் இடிக்கும், வண்டி நிற்காது. பெருமாள்மலை தாண்டிப் பழனிப் பக்கம் இறங்கும் வளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, காரணத்துக்கு வருவோம்.

பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் பிஸ்டனும் அதன் முன்னால் ரப்பர் கப்பும் இருக்கின்றன. பெடலை முழுதாக விட்டதும் கப் பின்னால் வந்து நிற்கும். அது நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்குப் போகும் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. ஊசி முனை நுழையும் அளவுதான் இருக்கும். பெடலை மிதித்தவுடன் கப் அந்தத் துளையைத் தாண்டிப் போகிறது, துளைக்கான வழி அடைபடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. பெடலை விட்டதும் கப் பின்னால் வருகிறது, துளை திறக்கிறது, லைனில் மிச்சம் இருக்கும் அழுத்தம் டப்பாவுக்குள் இறங்கிவிடுகிறது. அது மட்டும் இல்லை. ஓடும்போது ஆயில் சூடாகி விரிகிறது அல்லவா, அந்த விரிந்த ஆயில் தப்பிப்பதற்கும் இதே துளைதான் வழி.

இப்போது அந்தக் கப் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். துளை மூடியே கிடக்கும். காலையில் ஆயில் குளிர்ந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. நாலு இடத்தில் பிரேக் பிடித்ததும் ஆயில் சூடாகிறது, விரிகிறது, போக்கிடம் இல்லாமல் காலிப்பர் பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் டிஸ்க்கோடு உரசுகிறது. உரசுவதால் இன்னும் சூடு, இன்னும் விரிவு, இன்னும் இறுக்கம். விசில் துளை அடைத்த குக்கர் மாதிரிதான். யாரும் மிதிக்காமல் பிரேக் தன்னைத்தானே மிதித்துக்கொள்கிறது. வண்டியை நிறுத்தினால் ஆயில் ஆறிச் சுருங்குகிறது, பிரேக் விட்டுவிடுகிறது. உங்கள் டீக்கடை அரை மணி நேரத்தில் நடப்பது இதுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பெடல் மேலேயே கல் மாதிரி நிற்கிறது என்ற வரி. ஒரு வீலில் மட்டும் கோளாறு என்றால், ஒரு காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது என்றால், பெடல் அப்படி ஆகாது. லைன் முழுவதும் அழுத்தம் அடைபட்டுக் கிடந்தால்தான் பெடல் மேலே ஏறிக் கெட்டியாகும். நான்கு வீலும் சுடுகின்றன என்பதும், மாஸ்டர் சிலிண்டர் மாற்றியதிலிருந்துதான் தொல்லை என்பதும் அதோடு பொருந்துகின்றன. புதிய மாஸ்டரைப் பொருத்தும்போது பூஸ்டரிலிருந்து வரும் கம்பிக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியை யாரும் அளந்து பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய மாஸ்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, நட்டை இறுக்கி, லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றும் பிளீடிங் பண்ணி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். பிரேக் விடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் என் கணிப்பை நம்பி நீங்கள் செலவு செய்ய வேண்டாம். உங்கள் வண்டியில் இதுவரை நடந்த தவறு இதுதான்: எல்லாச் சோதனையும் ஆறின வண்டியில் நடந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, மெக்கானிக் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வருவதற்குள் பிரேக் விட்டிருக்கும். அப்புறம் அவர் எதைப் பார்த்துச் சொல்வார்? அனுமானத்தில் காலிப்பர், அனுமானத்தில் பூஸ்டர். பிரேக் பிடித்திருக்கும்போதே, சூட்டோடு சூடாகப் பார்க்க வேண்டும்.

எனவே மெக்கானிக்கை வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். லோடு இல்லாமல், சமதளச் சாலையில், தாராபுரம் ரோட்டுப் பக்கம் மாதிரி. மலையில் இந்தச் சோதனை வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம் இருக்க, இறக்கத்தில் நல்ல பிரேக்கே சுடும் என்பதால் எது இயல்பு, எது கோளாறு என்று பிரிக்க முடியாது. இரண்டு ரிங் ஸ்பேனர், ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். இடையிடையே பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தியபடி ஓட்டுங்கள். இழுக்க ஆரம்பித்ததும் சமமான ஓரிடத்தில் ஒதுக்கி நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டையை மறக்காதீர்கள். இனிச் செய்யப்போவது முழுவதும் பிரேக்கை விடுவிக்கும் வேலை. விட்டதும் வண்டி நகரும்.

இஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பூஸ்டரில் இருக்கும் வேக்யூம், அதாவது வெற்றிட இழுவை, தீர்ந்துவிடும். இப்போது பிரேக் விட்டுவிட்டது, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் யாரும் மிதிக்காமலே பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடிக்கிறது என்றால் பூஸ்டரின் உள் வால்வு கோளாறு. அப்போது பூஸ்டரை மாற்றச் சொன்னவர் சொன்னது சரி. வேக்யூம் தீர்ந்த பிறகும் பிரேக் அப்படியே பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தெந்தச் சக்கரம் இறுகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் கை வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், தோல் உரிந்துவிடும். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறுவதிலேயே எது அதிகச் சூடு என்று தெரிந்துவிடும். இரண்டு சொட்டு என்றால் இரண்டு சொட்டுதான். பாட்டிலோடு கவிழ்த்தால் டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடலாம்.

அடுத்துதான் முக்கியமான சோதனை. மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளை நான்கைந்து சுற்று தளர்த்தி, மாஸ்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம், பைப் வளையும் அளவுக்கு இழுக்கவும் வேண்டாம். இழுத்த மாத்திரத்தில் ஆயில் டப்பாவுக்குள் லேசாகப் பொங்கி, சக்கரங்கள் விட்டுவிட்டன என்றால் விஷயம் முடிந்தது. மாஸ்டருக்குள் கோளாறு இல்லை, காலிப்பரிலும் இல்லை. பின்னாலிருந்து ஏதோ ஒன்று பிஸ்டனைத் தள்ளிப் பிடித்திருக்கிறது. நான் எதிர்பார்ப்பது இந்த முடிவைத்தான்.

அந்த ஏதோ ஒன்று மூன்று இடத்தில் இருக்கலாம். பெடலுக்கு மேலே பிரேக் லைட் சுவிட்ச் இருக்கிறது. பல வண்டிகளில் பெடல் மேலே வந்து முட்டி நிற்பதே அந்தச் சுவிட்சில்தான். யாராவது சுவிட்சை அதிகமாகத் திருகி வைத்திருந்தால் பெடல் முழுதாக மேலே வராது. அல்லது பெடல் சுழலும் அச்சில் இருக்கும் புஷ் (சிறு வளையம்) துருப்பிடித்துப் பெடல் தானாகத் திரும்பாமல் இருக்கலாம். காலால் பெடலை அடியிலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள், பிரேக் விட்டால் அதுதான். அப்படி ஆகும் வண்டிகளில் பல நேரம் பின்னால் பிரேக் லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பெடல் நன்றாகத் திரும்புகிறது, கையால் அமுக்கினால் முதல் சில மில்லிமீட்டர் தளர்வாகவும் இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் கம்பி.

அதை அளப்பது எளிது. மாஸ்டரை இறக்கி, பூஸ்டர் முகத்திலிருந்து கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்றும், மாஸ்டரின் பின் முகத்திலிருந்து பிஸ்டனின் குழி எவ்வளவு ஆழம் என்றும் வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். நடுவில் கேஸ்கெட் இருந்தால் அதன் தடிமனையும் குழியின் ஆழத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குழியின் ஆழம் கம்பியைவிடச் சற்றே அதிகம் இருக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். சில பூஸ்டர்களில் வேக்யூம் இருக்கும்போது அளக்கச் சொல்லியிருப்பார்கள், அதையும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெர்னியர் இல்லையென்றால் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு பட்டாணி அளவு எடுத்துக் கம்பி நுனியில் ஒட்டி, மாஸ்டரைப் பொருத்தி நட்டை இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். களிமண் தட்டையாகி நிற்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. நுனியில் களிமண்ணே மிஞ்சாமல் உலோகம் தெரிந்தால் கம்பி பிஸ்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறது. பார்த்து முடித்ததும் களிமண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். கம்பி நுனியில் திருகக்கூடிய நட்டு இருந்தால் அதை உள்ளே திருகிச் சரிசெய்யலாம். திருக வழியில்லாத கம்பியாக இருந்தால் கேட்ட மாஸ்டருக்குப் பதில் வேறு மாடலுக்கு உரியது வந்திருக்கிறதா என்று பாகத்தின் எண்ணைப் பழையதோடு ஒத்துப் பாருங்கள். இடைவெளி கிடைக்கட்டும் என்று வாஷர் போட்டு மாஸ்டரைத் தள்ளி மாட்டுகிற கைவேலையை அனுமதிக்காதீர்கள்.

மாஸ்டரை முன்னால் இழுத்தும் பிரேக் விடவில்லையா? நட்டை மறுபடி இறுக்கிவிட்டு, மாஸ்டரிலிருந்து வெளியேறும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சூடான டிஸ்க் பக்கம் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பிடிக்கும். நட்டைத் தளர்த்தியதும் பீறிட்டுச் சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. துளை அடைத்திருக்கலாம், கப் உப்பியிருக்கலாம், பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. நான்கு வீலும் டிரம்மாக இருந்த சில வண்டிகளின் மாஸ்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் சிறு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் தெரியாது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு திரும்பும்போது மயிரிழை அளவு பின்னால் இழுக்கிறதே, அது மட்டும்தான். அந்த வால்வு உள்ள மாஸ்டர் தவறிப்போய் டிஸ்க் லைனில் மாட்டப்பட்டால் பேட் உரசிக்கொண்டேதான் இருக்கும். எப்படி ஆனாலும் துளையில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஓரத்தில் ஏற்படும் பிசிறு புதிய கப்பைக் கீறிவிடும். மாஸ்டரை மாற்றுவதுதான் வழி.

கப் உப்புவது பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த மூன்று மாதத்தில் யாராவது ஆயில் குறைகிறது என்று வேறு எதையாவது ஊற்றினார்களா? பவர் ஸ்டீயரிங் ஆயில், இஞ்சின் ஆயில், அல்லது ஆயில் பிடித்த புனல்? மாஸ்டருக்குள் கிட் போடும்போது டீசலில், மண்ணெண்ணெயில் கழுவினார்களா? பிரேக் ரப்பர்களுக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது, ஊறி உப்பிவிடும். ஆயில் டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். அது பெருத்து, மூடிக்குள் திரும்ப அடங்காமல் நெளிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை விட்டும் பார்க்கலாம். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். மிதந்தால் செலவு பெரிது. மாஸ்டர், காலிப்பர் சீல், பின் வீல் சிலிண்டர், வளையும் ரப்பர் பைப்பான ஹோஸ் என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றி, லைனை முழுக்கக் கழுவ வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்றினால் மாதம் ஒரு தடவை ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்பீர்கள்.

இனி இடது முன் வீல். எல்லா வீலும் பிடிக்கும்போது அது மட்டும் ஏன் அதிகம் சுட வேண்டும்? மேலே சொன்னதோடு இரண்டாவதாக ஒரு கோளாறும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். காலிப்பரைப் புதிதாக மாற்றினீர்கள், ஹோஸை மாற்றியதாக எழுதவில்லை. 2008 வண்டி, ஹோஸ் அதே வயதாக இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கும். பெடலை மிதிக்கும் பலத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பி வரும்போது அந்த பலம் இல்லை, நாக்கு மூடிக்கொள்ளும். ஹோஸை நடுவில் பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்து வீங்கி ஹோஸை நெரிப்பதும் உண்டு. பேட் மாற்றும்போது காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடாமல் ஹோஸிலேயே தொங்கவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் இந்த வியாதி ஆரம்பிக்கிறது. ஹோஸை பிளேயரில் நெரித்து ஆயிலை நிறுத்தும் பழக்கமும் அப்படித்தான்.

கண்டுபிடிக்கும் வழி: மாஸ்டர் பக்கம் அழுத்தம் தீர்ந்து மற்ற மூன்று வீலும் விட்ட பிறகும் இடது முன் வீல் மட்டும் இறுகியிருந்தால், அதன் காலிப்பர் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டுவிட்டால் ஹோஸ்தான். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காலிப்பர் நகர உதவும் ‘பின்’ என்ற சிறு தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பேட் அதன் பள்ளத்தில் சிக்கியிருக்கலாம். காலிப்பரைப் புதிதாக மாற்றினாலும் பழைய பிராக்கெட்டிலேயே பழைய பின்னை மாட்டிவிடுவது சகஜம். பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும், வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடாது. பேரிங் என்றதும் ஞாபகம் வருகிறது, பேரிங்கை அதிகமாக இறுக்கியிருந்தாலும் வீல் சுடும், அந்தச் சூடு நடுக் குடத்தில் அதிகமாகத் தெரியும். ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் இடது, வலது இரண்டையும், பின்னால் ஆக்ஸிலுக்குப் போகும் ஒற்றை ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மற்ற பாகங்களோடு பார்த்தால் செலவு குறைவு.

பின் வீல்களை நான் அதிகம் சந்தேகப்படவில்லை. இருந்தாலும் டிரம்மைக் கழற்றும் நாளில் ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் தாராளமாக ஓடித் திரும்புகிறதா, ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தூளை கம்ப்ரஸர் காற்றால் ஊத விடாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுக்கட்டும்.

இப்போது உங்கள் டிரைவர் அண்ணன் சொன்ன யோசனை. மேலே பார்த்தீர்களே, நிப்பிளைத் திறப்பது நல்ல சோதனை. ஆனால் அது வைத்தியம் இல்லை. கொஞ்சம் ஆயிலை விட்டால் அந்த நேரத்துக்கு இறுக்கம் போகும். துளை மூடியேதான் இருக்கிறது, அடுத்த பத்து கிலோமீட்டரில் ஆயில் மறுபடி விரியும், மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போக வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் டப்பாவில் ஆயில் குறையும். இரண்டும் சேர்ந்து ஒரு நாள் பெடல் காலோடு கீழே போகும். நடுரோட்டில் வண்டி நகரவே மறுக்கிறது, ஓரம் கட்ட வேண்டும் என்றால் ஒரு தடவை செய்யுங்கள், நிப்பிளை இறுக்கி, பெடல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஓரத்துக்கு மட்டும் நகர்த்துங்கள். இதைவிட மோசமான இன்னொரு யோசனையையும் யாராவது சொல்லக்கூடும்: சுடுகிற வீலின் பைப்பை அடைத்துவிட்டு மூன்று வீல் பிரேக்கில் ஓட்டுவது. முன் வீல் ஒன்றில் பிரேக் இல்லாமல் அவசரமாக மிதித்தால் ஸ்டீயரிங் மற்ற பக்கம் வெட்டி இழுக்கும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஆயில் விஷயம் சுருக்கமாக. டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் குறைந்தபட்சம். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம், கலந்தால் ஒன்றும் ஆகாது. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 230 வரை. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில்களுக்கான கணக்கு 140, 155 என்று இறங்கிவிடுகிறது. மலை இறங்குகிற உங்களுக்கு டாட் 4 நல்லது, ஆனால் நான்கு வருடப் பழைய டாட் 4-ஐவிட இன்று திறந்த டாட் 3 மேல். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். திறந்து பாதி மிச்சம் இருக்கும் பாட்டிலை வண்டிக்குள் மாதக்கணக்கில் வைத்திருந்து ஊற்றாதீர்கள். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான், உங்கள் வண்டிக்கு வேண்டாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் குடும்பம்தான். இப்போது கொதிக்கும் அளவுக்குச் சூடு பார்த்த ஆயிலை எப்படியும் வெளியேற்றத்தான் வேண்டும். மாஸ்டர் வலது பக்கம் இருப்பதால் வழக்கமாக இடது பின் வீலில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், வலது முன் என்று பிளீடிங் செய்வார்கள்.

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம். ஆயில் டப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் பெடலை மிக மெதுவாக அமுக்கட்டும், நீங்கள் சற்றுத் தள்ளி நின்று டப்பாவுக்குள் பாருங்கள். அமுக்க ஆரம்பித்த அந்தக் கணத்தில், கப் துளையை மூடுவதற்கு முன், ஆயிலில் லேசாக ஒரு சுழிப்போ குமிழோ தெரிய வேண்டும். தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. அடுத்து, மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் சோதித்த அதே சாலையில், இம்முறை முப்பது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நிறுத்தி, நியூட்ரலில் இருவர் சேர்ந்து தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால், நான்கு வீலின் சூட்டையும் இரண்டு சொட்டுத் தண்ணீரால் ஒப்பிடுங்கள். முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும், பின்னவை அதைவிடக் குறைவாக.

அதற்குப் பிறகு மேல்மலைக்குப் போகலாம். முதல் நடைக்குப் பாதி லோடு ஏற்றுங்கள். இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இஞ்சின் பிடியில் இறக்குங்கள், டீசலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் வேக்யூம் பம்ப்பை ஓட்டுவது இஞ்சின்தான். அணைத்தால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவி இருக்காது.

மாஸ்டரை முன்னால் இழுத்தபோது பிரேக் விட்டதா, விடவில்லையா, எந்தெந்த வீல் இறுகியிருந்தது என்று எழுதி வைத்த தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். களிமண்ணின் தடிமனும் தெரிந்தால் கம்பியைச் சரிசெய்வதா, மாஸ்டரை மாற்றுவதா என்று சொல்லிவிடலாம்.